ஊரில் ஆடாத சாம்பியன்

ராஜபாளையத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முத்து முத்தான கையெழுத்து. விஷயத்தில்தான் காரம் ஜாஸ்தி. சாரம் இதுதான்: 'எங்கள் ஊரிலும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பையன்கள் கெட்டுப்போய்விட்டார்கள். மான்செஸ்டர் எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டத் தெரியாது. ஆனால், மான்செஸ்டர் பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை இங்கிலாந்து மேட்ச் பார்த்துவிட்டு, காலையில் வகுப்பில் தூங்குகிறார்கள். லிவர்பூல் தோற்றால் வீட்டில் சாப்பிட மறுக்கிறார்கள். இந்த அந்நிய மோகத்தைக் கண்டித்து நீங்கள் எழுத வேண்டும்.'

எழுதுகிறேன் சார். ஆனால், கண்டிக்கப்போவது பையன்களை அல்ல.

முதலில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆகஸ்டில் ஆரம்பித்து மே மாதம் முடிகிறது. 20 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டம். அதில் 19 சொந்த ஊரில். ஏறக்குறைய பத்து மாதம் சார்! தாய் வயிற்றில் பிள்ளை வளர்கிற காலம். இந்த வாரம் ஜெயித்தால் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று ஒரு தொடர்கதை மாதிரி ஓடுகிறது. 2003-04ல் ஆர்சனல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்தது. 26 வெற்றி, 12 டிரா. 2015-16ல் லெஸ்டர் சிட்டி. சீசன் தொடங்கும்போது, 'லெஸ்டர் ஜெயிக்கும் என்று ஒரு பவுண்டு கட்டு, ஜெயித்தால் 5,000 பவுண்டு தருகிறோம்' என்று பந்தயக் கம்பெனிகள் சிரித்துக்கொண்டே சொன்னன. மே மாதம் அழுதுகொண்டே கொடுத்தன. இந்தக் கதையை முடங்கியார் ரோடு டீக்கடை பெஞ்சில் ஒரு பாலிடெக்னிக் பையன் சொல்லிக் கேட்க வேண்டும். எந்த ஆட்டத்தில் எந்த நிமிஷத்தில் யார் கோல் போட்டார் என்பது வரை ஒப்பிக்கிறான். இதே ஞாபக சக்தியைப் பாடத்தில் காட்டியிருந்தால் என்று நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள். பாடம் அப்படிச் சுவாரஸ்யமாக இருந்தால் காட்டியிருப்பான்.

அதே பையனிடம், "தம்பி, சேது எஃப்.சி. தெரியுமா?" என்று கேட்டேன்.

"சேதுவா... விக்ரம் நடிச்ச படமாண்ணே?"

பக்கத்தில் இருந்தவன், "இல்லடா, நம்ம ஊரு விஜய் சேதுபதியைச் சொல்றாரு" என்றான். (விஜய் சேதுபதி பிறந்தது ராஜபாளையத்தில். அது தெரிந்திருக்கிறது!)

சேது எஃப்.சி. என்பது ஒரு கால்பந்து கிளப். பெண்கள் அணி. 2016ல் தொடங்கியது. மதுரை பெயரில் ஆடினாலும் அதன் வேர் இருப்பது காரியாபட்டி பக்கத்தில் சேது பொறியியல் கல்லூரியில். காரியாபட்டி எந்த மாவட்டம்? விருதுநகர் மாவட்டம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் எந்த மாவட்டமோ, அதே மாவட்டம். பஸ் மாறிப் போனாலும் ஒரு காலைப் பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்த கிளப் 2019ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்தியாவின் சாம்பியன்! மாவட்ட சாம்பியன் இல்லை, மண்டல சாம்பியன் இல்லை. நாட்டுக்கே சாம்பியன். 2018ல் கட்டாக்கில் தேசிய கோப்பையை எடுத்த தமிழ்நாட்டு அணியில் கலக்கிய கடலூர் இந்துமதி இந்த அணிக்கு ஆடினார். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி ஆடினார். அவர் கால் பட்டால் கோல் என்று எதிரணிகள் நடுங்கிய ஆட்டக்காரர்.

இவ்வளவும் நடந்து, அந்தப் பையனுக்கு ஏன் தெரியவில்லை? ஆசிரியர் ஐயா சொல்கிற அந்நிய மோகத்தாலா?

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். அந்த லீக் 2019 மே 5ஆம் தேதி தொடங்கியது. மே 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் இங்கிலாந்தில் கடைசி நாள் ஆட்டங்கள். மான்செஸ்டர் சிட்டி 98 புள்ளி, லிவர்பூல் 97 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை யாருக்கு என்று முடிவானது. அதே ராத்திரி ஹைதராபாத்தில் ஐ.பி.எல். இறுதி ஆட்டம். சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. வாட்சன் முழங்காலில் ரத்தத்தோடு ஆடிய படத்தைப் போட்டு ஒரு வாரம் தமிழ்நாடே அழுதது. மே 22, புதன்கிழமை. சேது இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வீழ்த்தியது. மறுநாள் மே 23. மக்களவைத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை! கூடவே 22 சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல் முடிவுகள், அதில் நம் மாவட்டத்துச் சாத்தூரும் ஒன்று. சாத்தூரில் யார் முன்னிலை என்று ரவுண்டு ரவுண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் ஃபுட்பாலில் யார் ஜெயித்தது என்று சொன்னால் அடிக்க வந்திருப்பான். ஜெயிக்கிறதுக்கும் நேரம் காலம் வேண்டியிருக்கிறது.

ஆனால், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த லீக் நடந்த இடம் லூதியானா. பஞ்சாப். காரியாபட்டியிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கும் மேலே. பன்னிரண்டு அணிகளையும் ஒரே ஊரில் கொண்டுபோய் இறக்கி, மே மாத வெயிலில் 18 நாளில் ஆட்டத்தை முடித்து, கோப்பையைக் கையில் கொடுத்து, ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கோப்பையைத் தூக்கிய அணி ஆடியது மொத்தம் ஏழு ஆட்டம். சொந்த ஊரில் ஆடியது பூஜ்யம். இதற்குப் பெயர் லீக்காம்! எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு இதைவிட நாலு நாள் கூடுதலாக கபடிப் போட்டி நடத்துவார்கள்.

ஒரு சீசன் என்பது 18 நாளில் வராது. முதல் ஆட்டத்தில் தோற்றுப் பத்தாவது ஆட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். கோல்கீப்பர் ஒரு வாரம் சொதப்பி, ஊரே திட்டி, அடுத்த வாரம் அதே கோல்கீப்பர் ஒரு பெனால்டியைப் பிடித்து ஊரே தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டும். 'அன்னிக்கு மழை பேஞ்சுதே, அந்த மேட்ச்சுலதான்...' என்று ஒருத்தன் இருபது வருஷம் கழித்துச் சொல்ல ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அவன் அங்கே இருந்திருக்க வேண்டும். சேது ஜெயித்தபோது விருதுநகர் மாவட்டத்தில் யாரும் அங்கே இல்லை. இருக்க வழி வைக்கப்படவில்லை. இதை வைத்துக்கொண்டு பையனைப் பார்த்து 'உள்ளூர்ப் பற்று இல்லை' என்று சொல்வது, பந்தியில் உட்கார வைக்காமலே 'ஏண்டா சாப்பிடலை?' என்று கேட்கிற மாதிரி.

சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாற்றி மாற்றி ஆடுகிற முறை பெண்கள் லீக்குக்கு வந்தது 2023-24ல்தான். அதுவரை சேதுவின் அத்தனை சாதனையும் வெளியூர்க் கதை. 2022ல் மறுபடி முதல் இடத்துக்குப் போட்டியிட்டு, கடைசி ஆட்டத்தில் கேரளத்தின் கோகுலத்திடம் தோற்று இரண்டாவதாக வந்தது. அது நடந்தது ஒடிசாவில்.

கேரளம் என்றதும் ஆசிரியர் ஐயாவுக்கு இன்னொரு பதில் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தியாவிலேயே அந்நிய ஃபுட்பால் பைத்தியம் முற்றிய ஊர் எது? சந்தேகமே இல்லாமல் மலபார். 2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோடு பக்கம் புல்லாவூரில் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் கட்-அவுட் வைத்தார்கள். நம் ஊரில் நடிகருக்கு வைக்கிற சைஸில்! உங்கள் கணக்குப்படி அந்த ஊரில் உள்ளூர் ஃபுட்பால் செத்திருக்க வேண்டும். நடந்தது என்ன? அதே கோழிக்கோட்டு கோகுலம் கிளப் 2020-21லும் 2021-22லும் ஆண்கள் ஐ-லீக்கை வென்றது. பெண்கள் லீக்கை 2019-20, 2021-22, 2022-23 என்று மூன்று முறை வென்றது. அர்ஜென்டினா பனியனைப் போட்டுக்கொண்டே ஏழுபேர் ஆட்டமான செவன்ஸ் பார்க்க வயல்வெளி கேலரியில் ஆயிரக்கணக்கில் உட்காருகிறான் மலப்புறத்துக்காரன். அந்நிய மோகமும் உள்ளூர் ஆட்டமும் சக்களத்திகள் இல்லை சார். ஒரே வீட்டுப் பிள்ளைகள். மோகம் இருக்கிற இடத்தில்தான் மைதானம் போட்டால் கூட்டம் வரும். ராஜபாளையத்தில் மோகம் தயாராக இருக்கிறது. மைதானம்தான் இல்லை.

'பெரிய நகரம் என்றால் பரவாயில்லை, எங்களை மாதிரிச் சின்ன ஊர் எங்கே கிளப்பு, லீக்கு என்று போவது?' என்று நகர்மன்றத்துக்காரர்கள் கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்லத்தான் இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. டி.வி.யில் தெரிகிற இங்கிலாந்து இல்லை, அதற்கு முந்தைய இங்கிலாந்து.

1888ல் உலகத்தின் முதல் கால்பந்து லீக் அங்கே தொடங்கியது. மொத்தம் 12 கிளப். லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. பாதிக்குப் பாதி, ஆறு கிளப், லங்காஷயர் என்கிற ஒரே மாகாணத்திலிருந்து. பிரஸ்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, அக்ரிங்டன்... இந்தப் பெயர்களை உங்கள் தாத்தா கேள்விப்பட்டிருப்பார். மல் துணிக் கட்டுகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பல் ஏறின. எல்லாம் பஞ்சாலை ஊர்கள்! அந்நியத் துணி பகிஷ்காரத்துக்குப் பிறகு, 1931 செப்டம்பரில், பிளாக்பர்ன் பக்கத்து டார்வெனுக்கு காந்தியே நேரில் போனார். மில் பெண்கள் சுற்றி நின்று ஆரவாரம் செய்கிற படம் உலகப் பிரசித்தம்.

பஞ்சாலை ஊருக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்? நேரம்தான் சம்பந்தம். 1850ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தால் துணி மில்கள் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு நின்றன. கையில் வாரக் கூலி, முன்னால் ஒரு சாயங்காலம். ஊருக்கு ஊர் மைதானம் முளைத்தது. 1883ல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்று ஓர் அணி, நெசவாளியும் நூற்பாளியும் பிளம்பரும் சேர்ந்த அணி, கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈட்டன் பள்ளிக்கூடத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகளைத் தோற்கடித்தது. அதற்கு முன்பு வரை கோப்பை அந்த மாதிரிப் பிள்ளைகளின் பரம்பரைச் சொத்து. அன்று வெளியே வந்தது, அப்புறம் திரும்பிப் போகவே இல்லை.

பர்ன்லியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் ஒரு லட்சம் ஜனத்தொகையைத் தொடாத ஊர். 1959-60ல் அந்த ஊர் இங்கிலாந்தின் சாம்பியன்! அந்த சீசன் முழுக்க பர்ன்லி ஒரு நாள்கூடப் பட்டியலில் முதலிடத்தில் இல்லை. கடைசி ஆட்டம், 1960 மே 2, மான்செஸ்டர் சிட்டியை அதன் மைதானத்திலேயே 2-1 என்று ஜெயித்து முதலிடத்துக்கு வந்தது. அதோடு சீசன் முடிந்துவிட்டது! தொடர்ந்து மூன்றாவது முறை கோப்பையை எடுக்கக் காத்திருந்த உல்வ்ஸ் அணி ஒரு புள்ளியில் கோட்டை விட்டது. அப்போது பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட். தொழில், கறிக்கடை. பிரபு இல்லை, கோடீஸ்வர ஷேக் இல்லை. உள்ளூர்க் கறிக்கடைக்காரர்.

பர்ன்லிக்கும் பிளாக்பர்னுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் இருக்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பன்னிரண்டு. இரண்டு ஊருக்கும் ஆகாது என்பதிலும் ஒற்றுமை. (நம் ஊர்களில் இது கொடுக்கல் வாங்கல், கல்யாணம் காட்சி எல்லாம் வைத்துக்கொண்டே ஆகாதது. 'வில்லிபுத்தூர்க்காரன் வாய் பேசுவான்', 'ராஜபாளையத்தான் காசு பேசுவான்'.) பிளாக்பர்னும் சாம்பியன் ஆகாமல் விடவில்லை. ஜாக் வாக்கர் என்கிற உள்ளூர் இரும்பு வியாபாரி சம்பாதித்த காசைத் தன் ஊர் கிளப்பில் கொட்டினார். 1995 மே 14, கடைசி ஆட்டத்தில் லிவர்பூலிடம் தோற்றும், 89 புள்ளியோடு, மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரு புள்ளியில் முந்தி பிளாக்பர்ன் கோப்பையை எடுத்தது.

2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம் 1.30 லட்சம். ஸ்ரீவில்லிபுத்தூர் 75 ஆயிரம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு பர்ன்லி. 1936லேயே மில் வைத்த ஊர் ராஜபாளையம். நூல், சர்ஜிகல் காட்டன், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. அடிபட்ட ஆட்டக்காரனுக்குக் கட்டுப் போடுகிற துணி வரைக்கும் நாம் நெய்கிறோம். ஆட்டம்தான் கிடையாது! ஊருக்குக் கொடுக்கிற பழக்கம் இல்லாத ஊரா? சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்தார், அதுதான் காந்தி கலை மன்றம். அப்படி வந்த ஊரில் இன்றைக்குப் பணம் இருப்பவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அலங்கார வளைவு, மண்டபம், அன்னதானம். ஒன்றும் தப்பில்லை. ஆனால் வளைவுக்கு அடியில் யாரும் ஓடி விளையாட முடியாது. கிரிக்கெட் லீக் டீமுக்கு ஸ்பான்சர் கேட்டால் 'டி.வி.யில் வருமா?' என்று கேட்கிறார்கள். கறிக்கடை பாப் லார்ட் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒரு கதை பாக்கி இருக்கிறது. எனக்கு முக்கியமான கதை அதுதான்.

முதல் உலகப் போர் சமயம். பிரஸ்டனில் டிக், கெர் என்று ஒரு தொழிற்சாலை. ஆண்கள் போருக்குப் போக, பெண்கள் வேலைக்கு வந்தார்கள், வெடிகுண்டு செய்ய. சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்தார்கள். 1917ல் அணியாகவே இறங்கினார்கள். போரில் காயம்பட்டவர்களுக்காக நிதி திரட்டும் ஆட்டங்கள். 1920 டிசம்பர் 26, லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில் இந்தத் தொழிற்சாலைப் பெண்கள் ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 53,000 பேர்! ஆண்கள் ஆட்டத்துக்கே கண்பட்டுவிடும் கூட்டம். சங்கத்துப் பெரிய மனிதர்களுக்குப் பொறுக்குமா? 1921 டிசம்பர் 5ஆம் தேதி ஒரு தீர்மானம் போட்டார்கள். கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல, எந்த கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆட்டத்தைத் தடை செய்யவில்லை, மைதானத்தைத்தான் மறுத்தார்கள். ஆட்டம் தானாகவே படுத்துக்கொண்டது. எழுந்திருக்க ஐம்பது வருஷம் ஆனது.

நம் ஊரில் யாரும் தீர்மானம் போடவில்லை. தேவையும் இல்லை. ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளில் ஏராளமான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மில் வேன் கிராமத்துக்கு வருகிறது, ஏற்றிக்கொள்கிறது, ஷிப்ட் முடிந்தால் இறக்கிவிடுகிறது. அந்த வேனில் உட்கார்ந்திருக்கிற பெண்களில் பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்தவர்கள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை பி.டி. வாத்தியார் "நல்லா ஓடுது பிள்ளை" என்பார். பெரியவளானதும் அம்மா "போதும்த்தா" என்பாள். அப்பா எதுவும் சொல்ல மாட்டார், ஷூ வாங்கித் தராமல் இருப்பார். ட்ராக் சூட் பீரோவுக்குள் போகும். பிளஸ் டூ முடிந்தால் மில், அல்லது கல்யாணம், அல்லது மில் சம்பளத்தில் கல்யாணம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பெண் பிள்ளை போய்ப் பந்து விளையாட, கேட் திறந்திருக்கிற, விளக்கு எரிகிற, கதவு உள்ள கழிப்பறை இருக்கிற ஒரு மைதானத்தை இரண்டு ஊரிலும் எனக்குக் காட்டுங்கள். பள்ளிக்கூடத்து மைதானம் நாலரை மணிக்குப் பூட்டு. பொது மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட், பொருட்காட்சி, கட்சிக் கூட்டம். இப்போது டர்ஃப் வேறு வந்திருக்கிறது, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. மில் சம்பளத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகுமா?

கடலூரைப் பாருங்கள். 2004 சுனாமி அடித்துப் போட்ட கடற்கரை. அங்கே மாரியப்பன் என்கிற பயிற்சியாளர் ஏழைப் பெண் பிள்ளைகளைக் கூட்டி மைதானத்தில் இறக்கினார். இந்துமதி கடலூரிலிருந்துதான் தமிழ்நாட்டு அணிக்கும் இந்திய அணிக்கும் போனார், சேதுவோடு கோப்பையைத் தூக்கினார், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். கொரோனா சமயத்தில் சென்னை ரோட்டில் மாஸ்க் போடாதவர்களை நிறுத்திக்கொண்டிருந்தார் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர். ஒரு மனிதர், ஒரு மைதானம், சில வருஷம். கடலூரில் முடிந்தது ராஜபாளையத்தில் ஏன் முடியாது? கடலூரைவிட ராஜபாளையத்தில் காசு இல்லையா?

2019ல் இன்னொன்றும் நடந்தது. சேதுவுக்குப் பத்து வாரம் முன்பு, மார்ச் 9ஆம் தேதி, ஆண்கள் ஐ-லீக்கையும் தமிழ்நாட்டு கிளப்தான் வென்றது. சென்னை சிட்டி. ஆடியது கோவையில். கடைசி நாள் 3-1 வெற்றி, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரு புள்ளி கூடுதல். லங்காஷயர் கதை மாதிரியே இருக்கிறதா? மிச்சத்தையும் கேளுங்கள். 2021-22 சீசன் தொடங்கியபோது அணிகளின் பட்டியலில் அந்த கிளப்பே இல்லை. சாம்பியன் காணாமல் போனது! பர்ன்லி நாலாவது டிவிஷன் வரை விழுந்து எழுந்திருக்கிறது, ஆனால் ஊர் அதைக் கைவிடவில்லை. சென்னை சிட்டி போனபோது ஒரு பஸ் மறியல் உண்டா, ஓர் உண்ணாவிரதம் உண்டா? பெயர் சென்னை, மைதானம் கோவை. யார் ஊர் கிளப் என்று யாருக்குத் தெரியும்? சேதுவுக்கும் அந்த ஆபத்து உண்டு. மதுரைப் பெயர், விருதுநகர் மண், வெளியூர் ஆட்டம். நாளைக்கே நடத்துகிற குடும்பம் 'செலவு தாங்கவில்லை' என்று கையை விரித்தால் நாம் என்ன செய்வோம்? ஒரு பெட்டிச் செய்தி படிப்போம்.

ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால்தலை வெளியிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு, சேது ஜெயித்த அதே 2019ல், புவிசார் குறியீடு கிடைத்தது. அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று வில்லிபுத்தூர்க்காரர்கள் மார்தட்டுவார்கள். (மதுரைக்காரர்கள் இதில் ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள், அது தனிக் கதை.) எல்லாவற்றுக்கும் உரிமை கொண்டாடத் தெரிகிறது. பால்கோவாவுக்கு ஊர்வலம் வந்தவர்கள், சொந்த மாவட்டத்துப் பெண்கள் கொண்டுவந்த கோப்பையை ஒரு ஜீப்பில் வைத்து ஆண்டாள் கோயில் ரத வீதியைச் சுற்றி வரவில்லை.

ஆகவே, சிலருக்குச் சில வேண்டுகோள்.

இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு: செலவைக் காரணம் காட்டிப் பெண்கள் லீக்கை மறுபடி ஒரே ஊரில் கொண்டுபோய் அடைக்கிற யோசனை எப்போது வந்தாலும் தயவுசெய்து குப்பைக் கூடையில் போடுங்கள். ஆண்கள் லீக்குக்கு அப்படிச் செய்வீர்களா?

சேது நிர்வாகத்துக்கு: வருஷத்துக்கு இரண்டே இரண்டு ஆட்டம். லீக் ஆட்டத்துக்கு மைதான விதிமுறை இடிக்கிறது என்றால், சீசனுக்கு முன்னால் ஆடுகிற நட்பு ஆட்டமாவது. ஒன்று ராஜபாளையத்தில், ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில். உங்கள் அணி எப்படி இருக்கும் என்று முதலில் எங்கள் கண்ணுக்குக் காட்டுங்கள்.

மில்காரர்களுக்கு: அந்தந்த மில் பெண்களை வைத்து ஓர் அணி. அதற்குத் தனிப் பயிற்சியாளர். வாரத்தில் இரண்டு சாயங்காலம் சம்பளத்தோடு விடுப்பு. சம்பளத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்வித் துறைக்கு: ஒரே ஓர் அரசுப் பள்ளி மைதானத்தின் சாவி, ஐந்திலிருந்து ஏழு மணி வரை. ஒரு பெண் பி.டி. டீச்சர். நான்கு டியூப்லைட் அல்ல, நான்கு ஃபோகஸ் லைட்.

இதெல்லாம் நடந்தால் முதல் ஆட்டமாக ராஜபாளையம் பெண்கள் அணிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் அணிக்கும் நடுவில் ஒரு மேட்ச் வையுங்கள். ஆடிப்பூரத் தேருக்கு வருகிற கூட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வந்தால்கூட மைதானம் தாங்காது. மான்செஸ்டர் பனியன் பையன்களும் வருவார்கள், அதே பனியனோடு வரட்டும். வில்லிபுத்தூர்க்காரனை வாய் பேசவிடாமல் அடக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று ராஜபாளையத்தான் வருவான். எதிர்த் திசையிலிருந்தும் அதே காரணத்துக்காக பஸ் நிறைய வருவார்கள்.

ஒன்று மட்டும், இலவச அனுமதி என்று போஸ்டர் அடித்துவிடாதீர்கள். பத்து ரூபாயாவது டிக்கெட் வையுங்கள். பெண்கள் ஆட்டம் என்றாலே சும்மா வந்து பார்க்கிற ஆட்டம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வடை, டீ ஸ்டாலை ஏலம் விட்டால் கோல் போஸ்ட் இரண்டுக்கும் வலை வாங்கிவிடலாம். மிச்சக் காசில் பந்து வாங்கிப் போடுங்கள்.